குடோனில் வயதாகும் மலைச் சரக்கு

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில், இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் என் கடைக்கு வந்து ஒரு ஜோடி ஷூவைக் கல்லா மேஜை மேல் வைத்தான். மலையேறுவதற்கென்று நான் விற்ற ஷூதான். மேல்பாகம் புத்தம் புதிதாக இருந்தது. ஒன்றில் சோல் பாதி தொங்கியது, மற்றதில் சோலே இல்லை.

"அண்ணா, எனக்குப் பணம் திருப்பித் தர வேண்டாம். இதைக் கொஞ்சம் பாருங்க, அது போதும்" என்றான்.

டாப்சிலிப் பக்கம் மலையில் இறங்கிக்கொண்டிருந்தபோது கழன்றதாம். நண்பனின் துண்டைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டு மீதி வழி நடந்திருக்கிறான். "தண்ணீரில் ஊற வைத்திருப்பாய் தம்பி" என்றுதான் நான் முதலில் சொன்னேன். வியாபாரி வாயில் முதலில் வருவது அதுதானே! அவன் மறுத்துப் பேசாமல் போய்விட்டான். கடை அடைத்த பிறகு குடோனில் அதே சரக்கில் மிச்சமிருந்த பெட்டிகளைப் பிரித்தேன். காலில் மாட்டாத ஷூ. கட்டை விரலால் சோலின் பக்கவாட்டில் அழுத்தினால் காய்ந்த ரொட்டி போல உதிர்ந்தது. பெட்டியில் அச்சிட்டிருந்த தயாரிப்பு வருடத்தைப் பார்த்தேன். ஆறு வருடம் முடிந்திருந்தது. அதைத்தான் ஆடித் தள்ளுபடியில் "பாதி விலை" என்று எழுதி முன் வரிசையில் அடுக்கியிருந்தேன்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்ட விஷயத்தை நம் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மலையேறும் ஷூக்கள் பலவற்றில் தரையில் படும் ரப்பருக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே மெத்தென்ற ஒரு பாகம் இருக்கும். அது பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. நல்ல பொருள்தான், பாரம் தாங்கும், சீக்கிரம் அமுங்காது. ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளிருந்தே சிதைக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். நம் குடோன்களில் இரண்டுக்கும் குறைவில்லை. உபயோகித்தால்தான் கெடும் என்பதில்லை, பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் கெடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பையன் முதுகில் பத்து கிலோ சுமையோடு இறக்கத்தில் கால் வைக்கும்போதுதான் தெரியும். ஈ.வி.ஏ. என்ற இன்னொரு வகை நடுச்சோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது சீக்கிரம் அமுங்கிப் போகும்.

ஷூவோடு நிற்பதில்லை. கூடாரத் துணியின் உட்பக்கம் தண்ணீர் புகாதபடி பூசியிருப்பதும் பல சமயம் இதே பாலியூரித்தேன்தான். மடித்தபடி வருடக் கணக்கில் வைத்தால் பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டு, ஒரு மாதிரி நாற்றம் அடிக்கும். அந்தக் கூடாரம் மழைக்கு ஒதுங்க உதவாது. பாறை ஏறும் நைலான் கயிற்றைத் தயாரிப்பவர்களே, கட்டுப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் உபயோகிக்காதீர்கள் என்று பொதுவாக எழுதி வைக்கிறார்கள். சாமான் கட்டுகிற கயிற்றையும் இதையும் ஒரே ஆணியில் மாட்டி, ஒரே மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று லாரிக்கு, மற்றது உயிருக்கு.

எவர்சில்வர் குடம் பத்து வருடம் பரணில் கிடந்தாலும் குடம்தான். விலை ஏறியிருந்தால் லாபம். நாமெல்லாம் அந்தக் கணக்கில் வளர்ந்தவர்கள். இந்தச் சரக்கு மருந்துக்கடைச் சரக்கு மாதிரி. ஆனால் மருந்துக்கு இருக்கிற காலாவதித் தேதி இதற்கு இல்லை. 2011ஆம் வருடத்து எடையளவு விதிகளின்படி பொட்டலப் பொருளில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியவர் கடைக்காரர். பழைய சரக்கை ஆடித் தள்ளுபடியில் தள்ளுவது நம் தொழிலில் பழக்கமான வழி. மலைச் சரக்கில் மட்டும் அந்த வழி கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான்கைந்து வருடம் தாண்டிய பாலியூரித்தேன் ஷூவை நஷ்டக் கணக்கில் எழுதுங்கள்.

"வாங்குகிறவன் விலையைத்தானே பார்க்கிறான், நாம் என்ன மலைக்குக் கூடவா போகிறோம்?" என்று சக வியாபாரி ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வருகிறவர் பெரும்பாலும் முதல் முறை போகிறவர், நம்மிடம்தான் கேட்கிறார். மாசி முதல் சித்திரை வரை வெள்ளியங்கிரிக்குக் கிளம்புகிறவர்களைக் கோவைக் கடைகளில் பார்க்கலாம். ஜீன்ஸ் பேண்ட், பருத்தி பனியன், பேட்டரி தீர்ந்துபோகும் ஒரு மலிவு டார்ச். ராத்திரியில் ஏறி, வியர்வையில் நனைந்து, உச்சியில் குளிர்காற்றில் நிற்கிறார்கள். நனைந்த பருத்தி சூட்டைக் காக்காது, சீக்கிரம் காயவும் காயாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும். இதைச் சொல்ல நமக்கு அரை நிமிடம் ஆகும். கூடவே ஒரு ஸ்வெட்டரும் விற்கும்! அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கிறவர் கூட ஆளின் உயரத்தைப் பார்த்துத்தான் தடி எடுத்துக் கொடுக்கிறார்.

ஸ்லீப்பிங் பேக் விற்கிற உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. உறையில் மூன்று உஷ்ண அளவுகள் போட்டிருக்கலாம். கடைசியில் உள்ள மிகக் குறைந்த அளவு, உறைந்து சாகாமல் ராத்திரியைத் தள்ளுவதற்கான அளவு. தூங்குவதற்கான அளவு "கம்ஃபர்ட்" என்று போட்டிருப்பது. கடைசி எண்ணைக் காட்டி விற்பது பொய் சொல்வதுதான்.

2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதை எந்தச் சரக்கும் தடுத்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை முன்பதிவு முறையில் திறந்துவிட்டது. கூட்டம் கூடும், நம் வியாபாரமும் கூடும். அடுப்பு கேட்டு வருகிறவரிடம் எங்கே போகிறீர்கள், அங்கே நெருப்பு மூட்ட அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு விற்பது நம் கடமை. கூடாரத்துக்குள் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாயு வாசனை கூட இல்லாமல் ஆளைக் கொல்லும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடமை என்றால் கசப்பவர்களுக்குச் சட்டமும் இருக்கிறது. 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பொருளால் தீங்கு நேர்ந்தால், தயாரித்தவர் மட்டுமல்ல, சரக்கைச் சரிவரப் பார்த்துப் பராமரிக்காத விற்பனையாளரும், தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குச் சொல்லாத விற்பனையாளரும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

மொத்த வியாபாரிகளிடம் ஒரு கோரிக்கை. மூன்று வருடம் ஆன லாட்டை "பத்து ஜோடிக்கு இரண்டு இனாம்" என்று ஸ்கீம் போட்டு எங்கள் தலையில் கட்டாதீர்கள். பில்லில் தயாரிப்பு மாதத்தைக் குறித்துக் கொடுங்கள். நான் இனி அது இல்லாத சரக்கை இறக்குவதில்லை என்று என் ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கலாம் என்றிருக்கிறேன்.

அந்தப் பையன் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. பில்லில் போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டு, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். புது ஜோடி வாங்கிக்கொள்ள வரச் சொன்னேன். "வேற கடையில வாங்கிட்டேன் அண்ணா" என்றான்.