நூறா, முந்நூறா?

'தம்பி, நெட் கனெக்‌ஷனை நூறு எம்.பி.பி.எஸ்.லேர்ந்து முந்நூறுக்கு மாத்தச் சொல்றாங்க. மாசம் முந்நூத்தம்பது ரூபா கூட. மாத்தவா, வேணாமா?'

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அக்கா. அவள் பையனுக்குச் செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துப் பேசும் இன்டர்வியூ. நண்பனோடு ஒத்திகை பார்த்ததில், வாயைத் திறந்தபடி சிலையாகிவிட்டானாம்.

சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் கிடைத்ததால் கணக்குப் போட முடிந்தது.

1990களின் கடைசியில் என்னிடம் இருந்தது 56 கே மோடம். கீச்கீச்சென்று கத்திவிட்டுத்தான் வேலை செய்யும். ஒரு எம்.பி. போட்டோ இறங்க, பேப்பர் கணக்கில் 143 விநாடி. நிஜத்தில், நெற்றி தெரிந்து மூக்கு வருவதற்குள் லைன் கட்! 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் 256 கே வேகத்தில் வந்தது. அதே போட்டோ அரை நிமிஷம். மாறியவன் புத்திசாலி. இன்று 100 எம்.பி.பி.எஸ்.ஸில் அது 0.08 விநாடி. (வேகம் பிட்டில், போட்டோ பைட்டில், எட்டு பிட் ஒரு பைட்.) 300 என்றால் 0.03-க்கும் குறைவு. கண் சிமிட்டவே அதைவிட நேரமாகும். மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்வதாக உத்தேசம்?

முகம் பார்த்துப் பேச ஐந்து எம்.பி.பி.எஸ். தாராளம். பிறகு ஏன் பையன் சிலையானான்?

வீட்டுக்குள் நுழைந்ததும் தெரிந்துவிட்டது. பைபர் வந்து சேரும் பெட்டி ஹாலில், இரும்பு பீரோவுக்குப் பின்னால்.

'பாக்க அசிங்கமா இருந்துச்சு, மறைச்சு வெச்சேன்' என்றாள் அக்கா.

பையனின் அறை இரண்டு சுவர் தாண்டி. பெட்டியில் நேராக ஒயரைச் சொருகி அளந்தால் 94. அறையில் வைஃபை மூலம் வருவது 3. டேங்க் ததும்புகிறது, குழாயில் அடைப்பு. டேங்கைப் பெரிசாக்கி என்ன பிரயோஜனம்?

கடைக்குப் போய்ப் பதினைந்து மீட்டர் ஒயர் வாங்கினோம்.

'கரண்ட் போனா, மாமா?' என்றான். நல்ல கேள்வி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புரட்டிப்போட்ட ஊர் இது. பல இடங்களில் நாள் கணக்கில் இருட்டு. பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும். கண்ணாடி இழையில் வருவது வெளிச்சம் மட்டும்தான். வீட்டில் கரண்ட் போனால் பெட்டி படுத்துவிடும், நூறானாலும் முந்நூறானாலும். ஆகவே பெட்டிக்கு ஒரு குட்டி யு.பி.எஸ். எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். ஒரே தடவை.

வீட்டில் நாலைந்து பேர் ஆளுக்கொரு திரையில் 4கே படம் பார்க்கிறீர்களா? தினமும் ஜி.பி. கணக்கில் பைல் அனுப்புகிறீர்களா? 300 போடுங்கள், தப்பில்லை. மற்றவர்கள் முதலில் தங்கள் அறையில் எவ்வளவு வருகிறதென்று அளந்துவிட்டுப் பர்ஸைத் திறக்கவும்.

செவ்வாய்க்கிழமை, இன்டர்வியூ ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் கரண்ட் போனது. பேன் நின்றது. பையன் நிற்கவில்லை. வியர்க்க விறுவிறுக்கப் பேசி வேலையை வாங்கிவிட்டான்.

முதல் சம்பளத்தில் என்ன செய்தான் தெரியுமா? கனெக்‌ஷனை முந்நூறுக்கு மாற்றினான்.

'எதுக்குடா?'

'சும்மா இருக்கட்டும், மாமா!'