உள்ளே போவது பெரிதல்ல

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எனக்கு ஓர் ஊசி போடுகிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கு. எழுபதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கும் வருவதுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஊசி மருந்து முழுவதும் ஒரே நாளில் ரத்தத்தில் கலந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாத பாலிமர் உருண்டைகளுக்குள் இருந்து, மூன்று மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். உருண்டைகளும் மெல்லச் சிதைந்து மறையும்.

கடற்கரையில் காலை நடையின்போது இதைச் சொல்லப்போக, ஒரு நண்பர் பதறிவிட்டார். "என்ன முசியே, உடம்புக்குள்ளே பிளாஸ்டிக்கா?" என்றார். இன்னொருவர் கைப்பேசியை நீட்டினார். "குளிரில் தண்ணீர், உடம்புச் சூட்டில் ஜெல்லி! அதிசய பாலிமர் வந்துவிட்டது, படியுங்கள்." இருவரோடும் எனக்குச் சண்டை உண்டு. இரண்டாமவரோடுதான் அதிகம்.

முதல் நண்பருக்குப் பதில் சுருக்கமானது. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு வாத்தியார் 'அசீத் லக்தீக்' என்று சொல்லிக்கொடுத்தார். 'லே' என்றால் பால். புளித்த பாலிலிருந்து ஷீலே என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் 1780-ல் பிரித்தெடுத்த அமிலம் அது. நம் தயிரின் புளிப்பும் அதுதான். அந்த அமில மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் பாலிலாக்டிக் அமிலம். உடம்பில் உள்ள தண்ணீரே அந்தச் சங்கிலியை மெல்ல வெட்டும். மிஞ்சுவது மறுபடியும் லாக்டிக் அமிலம். மாடிப்படி ஏறினால் நம் தசையிலும் சுரப்பதுதானே அது! உடம்பு அதை எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேற்றிவிடும். பிரிக்கத் தேவையில்லாத தையல் நூல் 1970-களிலிருந்தே இதன் உறவுக்காரப் பொருளால் செய்யப்படுகிறது. கடைத்தெருப் பிளாஸ்டிக் பையும் இதுவும் ஒன்றல்ல.

இனி இரண்டாமவர். அவர் காட்டிய செய்தி பொய்யல்ல. கடல்பாசி சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். இந்த பாலிமர்கள் நேர்மாறு. குளிரில் தண்ணீர் மூலக்கூறுகள் சங்கிலியைப் பற்றிக்கொண்டிருப்பதால் கரைந்து நிற்கும். சூடு ஏறினால் அந்தப் பிடி விடும். சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். ஆகவே குளிர்ந்த திரவமாக ஊசியில் ஏற்றி, உள்ளே போனதும் கெட்டியாக்கலாம். கத்தி வேண்டாம். அருமையான யோசனைதான்.

ஆனால் நான் குமாஸ்தாவாக இருந்தவன். தபால் வரவுப் பதிவேட்டில் ஏறிய காகிதத்தைக் கண்டு எந்த மேலதிகாரியும் பாராட்டியதில்லை. மாதக் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "முடித்தது எத்தனை, நிலுவை எத்தனை?" விஞ்ஞானச் செய்தி எழுதுகிறவர்கள் வரவை மட்டும் கொண்டாடுகிறார்கள். உள்ளே போய் ஜெல்லியானது சரி. வெளியே போவது எப்படி, எப்போது? அந்தப் பத்தியைக் காணோம்.

இந்தத் துறையில் மிகப் புகழ்பெற்ற பொருள் பாலி-என்-ஐசோபுரோப்பைல்அக்ரிலமைடு. சுமார் 32 டிகிரியில் குணம் மாறும். ஆனால் அதன் முதுகெலும்பு கார்பனோடு கார்பன் பிணைந்தது. உடம்பின் தண்ணீரால் அதை வெட்ட முடியாது. ஜப்பானில் ஒகானோ என்ற பேராசிரியர் அதை வேறு விதமாகப் பயன்படுத்தினார். தட்டின் மேல் பூசி, 37 டிகிரியில் செல்களை வளர்த்து, குளிர்வித்ததும் முழு விரிப்பாக உரித்தெடுத்தார். பாலிமர் தட்டிலேயே தங்கிவிட்டது. அதுதான் பொறுப்பு. அதே பொருளை உடம்பில் விட்டுவிட்டு 'அதிசயம்' என்றால், முடியாத கோப்பை அலமாரிக்குப் பின்னால் தள்ளுவதற்குச் சமம்.

வெளியேறும் வழியையும் சேர்த்து யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1997-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு, சூட்டுக்கேற்ப இளகவும் இறுகவும் செய்து, சிதையவும் கூடிய பாலிமரை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. அதன் ஒரு பகுதி லாக்டிக் அமிலச் சங்கிலி. மறு பகுதி சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றக்கூடியது. 2020-ல் அமெரிக்கா அனுமதித்த ஒரு மருந்து, சிறுநீரகத்தின் குழிவில் குளிர்ந்த திரவமாகச் செலுத்தப்பட்டு அங்கே ஜெல்லாகி, சில மணி நேரம் புற்றுநோயோடு மல்லுக்கட்டி, சிறுநீரோடு போய்விடுகிறது. அது சிதையவே வேண்டியதில்லை, வாசல் இருக்கிறது.

சிதைவதிலும் சங்கடம் உண்டு. ஒரே இடத்தில் அமிலம் சேர்ந்தால் திசு புண்படலாம். முதல் நாளிலேயே மருந்து மொத்தமாகப் பாய்ந்துவிடலாம். ஆண்டுக்கணக்கான உழைப்பு இங்கேதான் போகிறது. படம் பிடிக்க அழகில்லாத உழைப்பு. ஆகவே செய்தியில் வருவதில்லை.

சொல்லும் சறுக்குகிறது. 'மக்கும்' என்றதும் திருப்தியடைந்து விடுகிறோம். மோன்பெலியே நகரத்து மிஷேல் வேர் என்ற அறிஞர் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டினார். 'தெக்ராதாப்ள்' என்றால் துண்டாவது. 'ரெசோர்பாப்ள்' என்றால் துண்டுகளும் உடம்பை விட்டு முற்றிலும் நீங்குவது. நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது. மக்குவது குப்பைக்கிடங்குக்குப் போதும். மனித உடம்புக்குப் போதாது.

ஆகவே என் கோரிக்கை எளிது. பொதுப்பணத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்களே, அடுத்த முறை அறிவிக்கும்போது மூன்று வரி சேர்த்து எழுதுங்கள்: எதுவாகச் சிதையும், எத்தனை நாளில், எந்த வழியாக வெளியேறும். அந்த மூன்று வரி இல்லாவிட்டால் அதை மருந்து என்று சொல்லாதீர்கள்; பரிசோதனை என்று சொல்லுங்கள். பரிசோதனை என்று சொல்வதில் அவமானம் ஏதும் இல்லை.

வாசக நண்பர்களே, நீங்களும் டாக்டரிடம் கேளுங்கள். நான் கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் விளக்கினார். அதன் பிறகு ஊசி வலித்தது என்னவோ உண்மை. பயம் மட்டும் இல்லை.