அறுவடை யந்திரமும் வைக்கோலும்

சூடு மிதிக்கும் எருதுக்கு வாய்ப்பூட்டு இடலாகாதென்று மோசேயின் நியாயப்பிரமாணத்தில் ஒரு விதி உண்டு. உழைத்த பிராணிக்கும் விளைவில் பங்கு உண்டென்பது அதன் கருத்து. இந்நாளில் காவிரிப் பாசன நிலங்களில் எருது சூடு மிதிப்பது அருகிவிட்டது. அறுத்தல், அடித்தல், தூற்றுதல் ஆகிய முத்தொழிலையும் அறுவடை யந்திரம் ஒருங்கே முடித்துவிடுகின்றது. ஆயினும் மாட்டின் பங்கு வைக்கோல் என்பதில் மாறுதல் இல்லை. அப்பங்கைக் கெடாமற் கொடுக்குமாறு யந்திரத்தைத் திருத்தி ஓட்டுதல் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

யந்திரம் அடித்த வைக்கோல் நொறுங்கித் தூசி படிந்திருப்பதால் மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறதென்று குடியானவர் பலர் குறை கூறுகின்றனர். நெல் எத்தனை மூட்டை என்று கேட்பவர் பலர். வைக்கோல் எவ்வாறு வந்ததென்று கேட்பவர் சிலரே. நெல்லின் எடைக்கு ஏறத்தாழச் சமமான வைக்கோல் ஒவ்வொரு வயலிலும் விளைகின்றது. அது துண்டு துண்டாய்ச் சிதைந்தால், கட்டுக்கட்டும் யந்திரத்தின் பற்களுக்குள் அகப்படாமல் கூளமாய்த் தரையிலே தங்கிவிடும். பின் மட்கும், அல்லது எரிக்கப்படும். இந்நஷ்டம் மிராசுதாரைக் காட்டிலும், நிலமின்றி ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பி வைக்கோலை விலைக்கு வாங்கும் ஏழைக் குடும்பத்தையே அதிகம் தாக்கும்.

இக்குறையின் காரணத்தை ஆராய்வோம். பழைய யந்திரங்களில் கதிரானது குறுக்கே கிடக்கும் உருளையின் கீழ் ஒரே தரம் அடிபட்டு வெளியேறும்; எஞ்சிய மணிகளைப் பின்னுள்ள தட்டுகள் குலுக்கி உதிர்க்கும். சுழலுருளை யந்திரத்திலோ பயிர் உருளையைச் சுற்றித் திருகுபோற் பலமுறை சுழன்று செல்லும். அமெரிக்காவில் நியூ ஹாலந்து கம்பெனியார் 1975லும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் 1977லும் இம்முறையில் பெரிய யந்திரங்களை வெளியிட்டனர். நம் சேற்று வயல்களில் ரப்பர்ப் பட்டையின்மேல் ஊர்ந்துசெல்லும் நெல் யந்திரங்களிற் பலவும் இவ்வினத்தவையே. மணி நன்றாய்ப் பிரிகின்றது; தாளும் பலமுறை அடிபடுகின்றது. இது அம்முறையோடு பிறந்த குணம். ஆயினும் அதன் அளவைக் குறைத்தல் ஓட்டுபவர் கையில் இருக்கின்றது.

முதலாவது, உருளையின் வேகம். மணி உதிர்வதற்குப் போதிய வேகத்திற்கு மேற்பட்டதெல்லாம் தாளை நொறுக்கவே பயன்படும். இதற்காக என்ஜினின் வேகத்தைத் தணிப்பது தவறு. விசிறியும் சல்லடையும் உடன் தளர்ந்து நெல்லில் பதர் கலக்கும். உருளைக்கு மட்டும் கப்பியை மாற்றுதலே முறை. இரண்டாவது, உருளைக்கும் அதனடியில் தொட்டில்போல் வளைந்த கம்பிச் சல்லடைக்கும் உள்ள இடைவெளியைச் சிறிது அகற்றுதல். மூன்றாவது, மேல்மூடியிலுள்ள சாய்தகடுகளைத் திருப்பக்கூடிய யந்திரங்களில், தாள் விரைந்து வெளியேறும்படி அவற்றை வைத்தல். பின்புறம் தாள் நறுக்கும் கத்தி இருப்பின் அதையும் விலக்கிவிட வேண்டும். வேளையும் கவனிக்கத்தக்கது: தைமாதப் பனி உலருமுன் இறங்கினால் தாள் உருளையிற் சுற்றிக்கொள்ளும், உச்சிவெயிலிற் சருகாய்க் காய்ந்தபின் இறங்கினால் முறிந்துவிடும். இவற்றுள் ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றிச் சில கஜம் ஓட்டி நிறுத்தி, விழுந்த தாளைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். கதிரில் மணி தங்கியிருந்தால் சிறிது இறுக்குக. தாள் நொறுங்கியிருந்தால் சிறிது தளர்த்துக.

மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் உழவருக்கு இத்தகைய நிதானம் கட்டுமா என்று சிலர் வினவுவர். திருத்துவதற்குச் சிறிது பொழுது செல்லுமேயன்றி, அதன்பின் யந்திரம் மெதுவாய் ஊர வேண்டுவதில்லை. உருளை பயிரால் நிறைந்திருக்கும்போது தாளோடு தாள் உராய்ந்தே மணி உதிரும். அரைகுறையாய் நிறைந்திருக்கும்போதுதான் இரும்புப் பற்கள் தாளைச் சிதைக்கும். மேலும் நொறுங்கிய கூளம் சல்லடையை அடைத்து நெல்லையும் பின்னே தள்ளிவிடும். ஆகவே தாளைக் காப்பது பெரும்பாலும் நெல்லையும் காப்பதாகும். ஆயினும் அளவுக்கு மீறித் தளர்த்தினால் கதிரில் நெல் தங்கிப்போம் என்பதை நாம் மறைக்கவில்லை. எவ்வளவு திருத்தினும் கையால் அடித்த தாளின் முழுமை இதில் வாராதென்பதும் உண்மையே. கூரைக்கும் பிரிக்கும் வேண்டிய வைக்கோலுக்கு ஒரு மூலையைக் கையறுப்புக்கு ஒதுக்குதல் நலம்.

யந்திரத்தை அமர்த்தும்போதே வைக்கோலைப்பற்றியும் பேசி முடிவுசெய்ய வேண்டும் என்பது நமது கோரிக்கை. யந்திரமுடையவர் மாற்றுக் கப்பி ஒன்று வைத்திருக்கட்டும். நிலமுடையவர் முதல் வரிசை முடிந்ததும் தாளைப் பார்த்த பின்னரே மேலே ஓட்டச் சொல்லட்டும். உழவர் குடியிற் பிறந்து இக்கல்லூரியிற் பயிலும் மாணவ சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொங்கல் விடுமுறையில் ஊர் செல்லும்போது, யந்திரத்தின் முன்னே நின்று வேடிக்கை பார்ப்பதோடு அமையாது, பின்னே சென்று ஒரு பிடி வைக்கோலை எடுத்துப் பாருங்கள். வாயில்லாப் பிராணிக்காகப் பேசவேண்டியவர் வயலருகே நிற்கும் நாமேயன்றோ!