பிரென்னர் சாலை: திறந்த எல்லையின் நெரிசல்

1998 ஜூன் 12, வெள்ளிக்கிழமை. ஆஸ்திரியாவின் டிரோல் மாகாணத்து மக்கள் தங்கள் ஊர் வழியாகப் போகும் பிரென்னர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ 30 மணி நேரம் போக்குவரத்து நின்றது. மறியலுக்கு அழைப்பு விடுத்த சுற்றுச்சூழல் அமைப்பு அரசுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தது. அதிகாரிகளும் தடை போடவில்லை. ஜெர்மனியிலிருந்து மரமும் இத்தாலியிலிருந்து இரும்பும் ஏற்றிச்செல்லும் ஒரு லாரி நிறுவனம் ஆஸ்திரிய அரசின் மேல் நஷ்டஈடு வழக்குப் போட்டது. சரக்குகள் எல்லை தாண்டித் தடையின்றிப் போகலாம் என்று ஒப்பந்தம் இருக்கும்போது மறியலை எப்படி அனுமதிக்கலாம் என்பது அதன் வாதம். ஐரோப்பிய நீதிமன்றம் 2003 ஜூன் 12 அன்று, மறியல் நடந்து சரியாக ஐந்து ஆண்டு கழித்து, தீர்ப்புச் சொன்னது. மக்கள் ஒன்றுகூடிக் கருத்தைச் சொல்லும் உரிமையை மதித்தது தவறில்லை என்று கூறி ஆஸ்திரியாவை விடுவித்தது.

ஒரு நாள் மறியலுக்கு நியாயம் கிடைத்துவிட்டது. மிச்ச நாட்களில் அந்தச் சாலையில் ஓடும் லாரிகளுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் டிரோல்காரர்களின் பிடிவாதம் என்று ரோமும், இத்தாலியின் பேராசை என்று டிரோலின் தலைநகர் இன்ஸ்பிரக்கும் மாறிமாறிச் சொல்கின்றன. எல்லைக் கதவை எல்லோரும் சேர்ந்து திறந்தார்கள். திறந்த வாசலில் எத்தனை வண்டி போகலாம், என்ன விலை கொடுத்துப் போகலாம் என்பதில் மட்டும் இன்னும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரவில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பெரிய கணவாய்களில் பிரென்னர் தாழ்வானது, சுமார் 1,370 மீட்டர்தான். அதனால் ரோமானியர் காலத்திலிருந்தே வடக்கும் தெற்கும் இந்த வழியாகப் போய்வந்தன. கவிஞர் கெதே 1786இல் இத்தாலிக்குப் போனது இதே வழியில்தான். 1867இல் ரயில் வந்தது. அப்போதெல்லாம் கணவாயின் இரு பக்கமும் டிரோல்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1919இல் கையெழுத்தான ஒப்பந்தம் தெற்கு டிரோலை இத்தாலியிடம் கொடுத்தது. மலை உச்சியில் எல்லைக்கோடு விழுந்தது. ஜெர்மன் பேசும் மக்கள் ஒரே இரவில் இத்தாலியக் குடிமக்கள் ஆனார்கள். அந்த மனக்கசப்பு 1961 ஜூனில் வெடித்தது: தெற்கு டிரோலில் ஒரே இரவில் பல மின்கோபுரங்களைக் குண்டு வைத்துச் சாய்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வடக்குப் பக்கத்தில், இன்ஸ்பிரக்குக்குத் தெற்கே, ஒரு பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. சில் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேல் 190 மீட்டர் உயரம். 1963 நவம்பரில் திறந்தபோது ஐரோப்பாவிலேயே உயரமான பாலம் அதுதான். வைத்த பெயர் ‘ஐரோப்பாப் பாலம்’. எல்லைக்கு அந்தப்பக்கம் மின்கோபுரங்கள் விழுந்துகொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு பெயர் வைக்கத் துணிச்சல் வேண்டும். கட்டுமானத்தில் உயிரிழந்த தொழிலாளர்களின் நினைவாகப் பாலத்தருகே ஒரு சிறு தேவாலயம் நிற்கிறது. இன்று அங்கே வரும் கூட்டத்தில் பலர் காலில் கயிறு கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து குதிக்க வருபவர்கள்.

இத்தாலியப் பக்கத்தில் கணவாயிலிருந்து மோதேனா நகர் வரை 314 கிலோமீட்டர் சாலை 1974இல் முழுமை பெற்றது. ஆஸ்திரியாவின் பங்கு சுமார் 35 கிலோமீட்டர்தான். மியூனிக்கில் காலையில் கிளம்பியவர் சாயங்காலம் இத்தாலியக் கடற்கரையில் கால் நனைக்கலாம் என்றானது. 1995இல் ஆஸ்திரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 1998 ஏப்ரலில் பிரென்னரில் பாஸ்போர்ட் சோதனையை எடுத்துவிட்டார்கள். எல்லை திறந்த மூன்றாம் மாதமே அந்த மறியல் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் லாரிகள் இந்தக் கணவாயைக் கடக்கின்றன. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தின் எல்லாக் கணவாய்களையும் சேர்த்தாலும் 10 லட்சம் தேறாது. சுவிஸ் மக்கள் 1994இலேயே வாக்கெடுப்பு நடத்தி, நாட்டைக் குறுக்கே கடக்கும் சரக்கு ரயிலில்தான் போகவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2001 முதல் லாரிகளிடம் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்பக் கனமான கட்டணம் வாங்குகிறார்கள். 2016இல் 57 கிலோமீட்டர் கோட்டார்டு ரயில் சுரங்கத்தையும் திறந்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, அதனால் முடிந்தது. லாரிக்காரர் கணக்குப் பார்க்கிறார்: கூடுதல் தூரமானாலும் பிரென்னர் மலிவு. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

பிரென்னர் சாலை போகும் பள்ளத்தாக்கு குறுகல். இரைச்சல் மலைச்சரிவில் மோதி மேலேறுகிறது. குளிர்காலத்தில் மேலே வெப்பமான காற்று மூடிபோலக் கவிந்துகொள்ள, புகை வெளியேற வழியின்றி ஊருக்குள்ளேயே தங்குகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு அளவு ஐரோப்பிய வரம்பைத் தாண்டியதும், 2003இல் டிரோல் அரசு கழிவு, தானியம், மரம், கல் போன்ற சரக்குகளை ஏற்றிய லாரிகள் பிரென்னருக்கு இட்டுச்செல்லும் இன் ஆற்றுப் பள்ளத்தாக்குச் சாலையில் போகக்கூடாது என்றது. இவை ரயிலில் போகக்கூடியவை. 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திருத்திக் கொண்டுவந்த தடையை 2011இல் மீண்டும் ரத்து செய்தது. கார்களுக்கு நிரந்தரமாக 100 கிலோமீட்டர் வேக வரம்பு வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டது. 2014இல் அதையும் வைத்துவிட்டு, 2016இல் டிரோல் மூன்றாம் முறையாகத் தடையைக் கொண்டுவந்தது. காற்றுக்கு வரம்பு விதிப்பதும் பிரஸ்ஸல்ஸ், அதைக் கடைப்பிடிக்கப் போட்ட விதியை நீதிமன்றத்துக்கு இழுப்பதும் பிரஸ்ஸல்ஸ்.

2017 முதல் இன்னொரு வழி. நெரிசல் மிகும் நாட்களில் ஜெர்மன் எல்லையருகே குஃப்ஸ்டைனில் மணிக்கு 300 லாரிகளுக்கு மேல் விடுவதில்லை. வரிசை ஜெர்மனியின் பவேரியாவுக்குள் பல கிலோமீட்டர் நீள்கிறது. இதனால் தொல்லைப்படுவது பவேரியக் கிராமத்துக்காரர்கள். அவர்கள் டிரோல்காரர்களைப் போலவே சாதாரண மக்கள். இத்தாலியோ, தன் ஏற்றுமதிக்கு ஆல்ப்ஸைத் தாண்டாமல் வேறு தரைவழி இல்லை, ஒரு மாகாணம் மட்டும் நினைத்த நேரத்தில் கதவடைக்க முடியுமா என்று கேட்டு 2024இல் ஆஸ்திரியா மீது வழக்குத் தொடுத்தது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆஸ்திரியாவும் ஒன்றும் அறியாத பிள்ளை அல்ல: ஜெர்மனி வெளிநாட்டுக் கார்களுக்குப் பாரமாகும்படி சுங்கம் போட முயன்றபோது, பாகுபாடு காட்டாதே என்று வழக்காடி 2019இல் வென்றது இதே ஆஸ்திரியாதான்.

இதற்கிடையே சாலைக்கே வயதாகிவிட்டது. கணவாயை ஒட்டி, கிரீஸ் என்ற ஊருக்கு மேலே மலைச்சரிவில் செல்லும் 1.8 கிலோமீட்டர் லூக் பாலம் 2025 ஜனவரி முதல் திசைக்கு ஒரு வழித்தடமாகச் சுருங்கியது. நெரிசல் நாட்களில் இரண்டு தடங்களைத் திறக்கும்போதும் கனரக வண்டிகள் உட்பக்கத் தடத்தில்தான் போகவேண்டும். பாலத்தின் வெளி ஓரம் அந்தப் பாரத்தைத் தாங்காது. பாலத்துக்குப் பதில் சுரங்கம் வேண்டும் என்று கிரீஸ் மக்கள் போராடிப் பார்த்தார்கள். பக்கத்திலேயே புதுப் பாலம்தான் எழும்புகிறது.

எல்லோரும் கைகாட்டுவது மலைக்கடியில் தோண்டும் 55 கிலோமீட்டர் பிரென்னர் ரயில் சுரங்கத்தை. 2025 செப்டம்பரில் அதன் ஆய்வுச் சுரங்கம் இரு நாட்டுக்கும் நடுவே துளை விழுந்து இணைந்தது. 2032இல் ரயில் ஓடும் என்கிறார்கள். ஆனால் வடக்கே பவேரியாவில் அதற்கு இணைப்புப் பாதை 2040களுக்கு முன் வராது என்பதே இப்போதைய கணக்கு. கோடிக்கணக்கான யூரோ செலவில் குழாயைப் போட்டுவிட்டு, புனலை வாங்க மறந்த கதை.

எனவே இருக்கும் சாலையை ஒழுங்குசெய்தாக வேண்டும். அதற்கான யோசனையும் கையில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் பவேரியா, டிரோல், தெற்கு டிரோல் மூன்றின் தலைவர்களும் குஃப்ஸ்டைனில் கூடி ஒரு முன்பதிவு முறையை முன்வைத்தார்கள்: லாரி எந்த நேரத்தில் கணவாயைக் கடக்கும் என்று முன்கூட்டியே பதிய வேண்டும், சாலையின் கொள்ளளவுக்கு மேல் பதிவு கிடையாது. இதை நடைமுறைப்படுத்த பெர்லின், வியன்னா, ரோம் மூன்று அரசுகளும் ஒப்பந்தம் போடவேண்டும். ரோம் மறுத்துவருகிறது, முதலில் டிரோல் தன் தடைகளை எடுக்கட்டும் என்கிறது. டிரோலோ, எடுத்துவிட்டால் அப்புறம் யார் பேச வருவார்கள் என்கிறது. சாலையோரப் பகுதிகளின் தலைவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்ட விஷயத்தில், மூன்று தலைநகரங்களும் நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் ஒரே மேசையில் உட்காருவதுதான் இனி செய்யவேண்டியது.