நம்ம ஆளுக்குப் புரியாதாம்

கோலாலம்பூர் கோதே இன்ஸ்டிடியூட்டில் அடுத்து என்ன கண்காட்சி, என்ன படம் என்று தமிழ் இயக்க வாட்ஸ்அப் குழுவில் போட்டால் தலைவரிடமிருந்து ஒரே பதில்தான்: "தம்பி, இதெல்லாம் நம்ம ஆளுக்குப் புரியாது."

ஜெர்மன் சினிமாவில் எதுங்க புரியாது? ஃபாஸ்பைண்டர் எடுத்து 1974-இல் வெளிவந்த 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' படத்தில், துப்புரவு வேலை செய்யும் எம்மி மொரோக்கோவிலிருந்து கூலிக்கு வந்த அலியைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள். மகன் டிவியை எட்டி உதைக்கிறான். மளிகைக்கடைக்காரன் அவளை வெளியே போகச் சொல்கிறான். பால்மரம் வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கா இது புரியாது? பங்களா தொழிலாளியை நாம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம் என்பதும் அதில் தெரிந்துவிடும். அந்தப் பயமோ என்னவோ.

மொழிதான் தடையா? சப்டைட்டில் கோப்பில் எண், நேரம், வசனம், அவ்வளவுதான். நோட்பேடிலேயே திறக்கலாம். அனுமதி வாங்கிவிட்டால் மொழிபெயர்க்க இரண்டு பேர், சில வார இறுதிகள் போதும். ஆண்டு விருந்தில் டத்தோவுக்குப் போடும் மாலைச் செலவுகூட ஆகாது.