மூக்கில் ஓவியம்... முன்னால் நிற்பது யார்?

இரண்டாம் உலகப் போர் காலத்து கறுப்பு - வெள்ளை போட்டோக்களைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கும். அதன் மூக்குப் பகுதியில் பளிச்சென்று ஓர் ஓவியம் இருக்கும். டிராகன், சிறகு முளைத்த குதிரை, கார்ட்டூன் வாத்து, அழகான பெண் என்று ஏதாவது ஒன்று. பக்கத்தில் ஒரு பெயர். ஓவியத்துக்குக் கீழே, தோல் ஜாக்கெட் போட்ட பத்து இளைஞர்கள் வரிசையாக நின்று சிரித்துக் கொண்டிருப்பார்கள்.

எல்லாருடைய கண்ணும் முதலில் ஓவியத்துக்குத்தான் போகும். போகட்டும், தப்பில்லை. ஆனால், அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி. அந்தப் பத்து பேர் யார் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த படத்துக்குப் போக வேண்டும்.

முதலில், ஏன் வரைந்தார்கள் என்று பார்ப்போம். அந்த நாளில் ஒரே மாதிரி விமானங்கள் ஆயிரக்கணக்கில் தயாராயின. எல்லாம் ஒரே நிறம், ஒரே உருவம். 'இது நம்ம விமானம்' என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளம் வேண்டாமா? நம்ம ஊர் லாரிகளில் பெயரும், பூவும், கண்ணும் வரைகிறார்களே... கிட்டத்தட்ட அதே ஆசைதான். தூரதேசத்தில், நாளைக்குத் திரும்பி வருவோமா என்று தெரியாத பையன்களுக்கு அது ஒரு தைரியமும் கூட.

இங்கிலாந்தில் பாசிங்போர்ன் என்ற ஊரில் அமெரிக்காவின் 91வது குண்டுவீச்சுப் படைப்பிரிவு இருந்தது. அங்கே டோனி ஸ்டார்சர் என்ற வீரர் ஒருவரே நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களில் ஓவியம் வரைந்தார். அவர் வரைந்ததில் உலகப் புகழ் பெற்றது, 'மெம்பிஸ் பெல்' விமானத்தின் ஓவியம். விமானி ராபர்ட் மார்கனின் காதலி மார்கரெட் போல்க், மெம்பிஸ் நகரத்துப் பெண். அவர் நினைவாகத்தான் அந்தப் பெயர். (இருவருக்கும் கல்யாணம் நடக்கவில்லை என்பது தனிக் கதை!) ஒரு பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து வரைந்ததுதான் அந்த ஓவியம். விமானத்தின் ஒரு பக்கம் நீல உடை, மறுபக்கம் சிவப்பு உடை.

மார்கனும் அவரது குழுவினரும் 1943 மே 17ம் தேதி தங்கள் 25வது தாக்குதலை முடித்தனர். 25 முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது அப்போதைய விதி. அவர்களைப் பற்றி 1944ல் ஒரு சினிமாவே வந்தது. அந்த விமானம் இன்று அமெரிக்காவின் டேட்டன் நகரில், விமானப்படை அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது. பல ஆண்டுகள் சீரமைத்து, 2018 மே 17ல் மக்கள் பார்வைக்கு வைத்தனர்.

சரி, 25 முடித்த முதல் விமானம் இதுதானா? இல்லை. 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற விமானம், நான்கு நாள் முன்னதாகவே, மே 13ல் 25 முடித்துவிட்டது. 'ஹாட் ஸ்டஃப்' என்ற விமானத்தின் குழுவினர் அதற்கும் முன்பே முடித்தவர்கள். ஆனால், அந்த விமானம் 1943 மே 3ல் ஐஸ்லாந்தில் மலையில் மோதி நொறுங்கியது. அதில் இருந்த 15 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். கேமரா யார் பக்கம் திரும்பியதோ, அவர்கள் பெயர் நின்றுவிட்டது. மற்றவர்கள் பெயர் பின்னால் போய்விட்டது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்படிப் பின்னால் போனவர்களைத் தேடிப் பிடிக்க முடியுமா? முடியும். அதுவும் உங்கள் வயதில் ஆரம்பிக்கலாம்! ரோஜர் ஃப்ரீமேன் என்று ஓர் இங்கிலாந்துப் பையன், விவசாயக் குடும்பம். அமெரிக்க விமானங்கள் அவன் ஊர்ப் பக்கம் வந்து இறங்கியபோது பள்ளிப் பருவம். விமானங்கள் மேல் அப்படி ஒரு பைத்தியம். வளர்ந்து விவசாயம் செய்துகொண்டே படங்களைச் சேர்த்தார். வீரர்களிடம் விவரம் கேட்டார். 1970ல் அந்த அமெரிக்க விமானப்படை பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். 2005ல் அவர் மறைந்தார். அவர் சேர்த்து வைத்த போட்டோக்கள் எத்தனை தெரியுமா? சுமார் 15 ஆயிரம்! இப்போது அவை லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 'இவர் என் தாத்தா' என்று எங்கிருந்தோ யாராவது பெயர் சொல்ல, பெயரில்லாத முகங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் சேர்கிறது.

துப்பறிவது எப்படி? விமானத்தின் வாலைப் பாருங்கள். மெம்பிஸ் பெல்லின் வாலில் 124485 என்று இருக்கும். அதன் முழு எண் 41-24485. முதலில் உள்ள 41, 1941ம் ஆண்டைக் குறிக்கும். வாலில் எழுதும்போது அந்த 4ஐ மட்டும் விட்டுவிடுவார்கள். அப்படியானால், 124577 என்று வாலில் இருந்தால்? 41-24577. அதுதான் நாம் பார்த்த 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்'! ஒரே பெயரில் பல விமானங்கள் இருந்திருக்கலாம். எண் மட்டும் ஒன்றுக்கு ஒன்றுதான். எண் கிடைத்தால், ராணுவ ஆவணங்களில் குழுவினரின் பெயர்ப் பட்டியலைத் தேடலாம். காணாமல் போன விமானம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிக்கை எழுதினார்கள். அதில் விமான எண், உள்ளே இருந்தவர்கள் பெயர் எல்லாம் உண்டு.

போட்டோ ஏமாற்றவும் செய்யும், ஜாக்கிரதை! சில சமயம் நெகடிவைத் திருப்பிப் போட்டு பிரதி எடுத்திருப்பார்கள். எழுத்துகள் தலைகீழ்க் கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். முன்னால் நிற்பவர்கள் அந்த விமானத்துக்காரர்கள்தான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. மெம்பிஸ் பெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்கன் குழு 25 முடித்தது மே 17. ஆனால் விமானம் தன் 25வது தாக்குதலை முடித்தது மே 19. அன்று ஓட்டியது வேறு குழு!

ஓவியத்தையே நம்ப முடியாத கதை ஒன்று நம் நாட்டில் ஆரம்பிக்கிறது. போர் முடிந்ததும், பிரிட்டிஷார் கான்பூரில் 'லிபரேட்டர்' வகை குண்டுவீச்சு விமானங்களை விட்டுவிட்டுப் போனார்கள். பெங்களூரு எச்.ஏ.எல்., நிறுவனம் அவற்றைச் சரிசெய்து பறக்க வைத்தது. நம் விமானப்படை 1968 வரை பயன்படுத்தியது. அதில் ஒன்று பின்னாளில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அதற்கு முதலில் ஒரு பெயர், பிறகு டிராகன் ஓவியம், 2005ல் 'விட்ச்கிராஃப்ட்' என்று இன்னொரு பெயர். எல்லாமே வேறு வேறு விமானங்களின் வேஷங்கள்! பழைய வீரர்களைப் பெருமைப்படுத்தத்தான் அப்படிச் செய்தார்கள். இருந்தாலும், நூறு வருடம் கழித்து அந்தக் கலர் போட்டோவைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? கீழே ஒரு வரி எழுதி வைக்காவிட்டால் குழப்பம்தான்.

ஓவியத்துக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டியாக வெடிகுண்டுப் படங்கள் வரிசையாக இருக்கும். ஒரு குண்டு என்றால் ஒரு தாக்குதல். லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள லங்காஸ்டர் விமானம் ஒன்றில் 137 தாக்குதல்களின் கணக்கு இருக்கிறது. நம் வங்காளத்தில், கரக்பூரில் 1944ல் வந்திறங்கிய பி-29 விமானங்களில் ஒட்டகமும் வரைவார்கள். ஓர் ஒட்டகம் என்றால் இமயமலையை ஒருமுறை தாண்டிச் சீனா போனதாக அர்த்தம். அந்த மலைத்தொடருக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'திமில்'. ஒட்டகம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?

ஒட்டகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். குண்டுப் படத்தைப் பார்த்து அப்படிச் சிரிக்க எனக்கு முடியவில்லை. ஒவ்வொரு குட்டிக் குண்டுக்கும் கீழே ஓர் இடம் இருந்தது. சிலவற்றின் கீழே தொழிற்சாலை. சிலவற்றின் கீழே பள்ளிக்கூடமும் வீடும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மட்டும், 1945 பிப்ரவரியில் சில நாட்களில் 25 ஆயிரம் பேர் வரை இறந்தனர். மேலே பறந்தவர்கள் கதியும் அப்படித்தான். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் சுமார் ஒன்றேகால் லட்சம் பேர் பறந்தனர். 55,573 பேர் இறந்தனர். கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர்! ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட விமானத்தின் மூக்கில் எழுதியிருந்த 'எனோலா கே' என்பது, விமானி பால் டிபெட்ஸின் அம்மா பெயர். அந்த போட்டோவைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு என்னவோ போலிருக்கும்.

'இந்தச் சண்டைப் படமெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு?' என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஓவியத்தை மட்டும் காட்டினால் போர் ஏதோ திருவிழா போலத் தெரியும், அது கெடுதல். ஆட்களையும் சேர்த்துக் காட்டினால் அப்படித் தெரியாது.

அருணாசலப் பிரதேச மலைகளில் 2006ல் ஒரு விமானத்தின் சிதைவுகளைக் கண்டுபிடித்தனர். 'ஹாட் ஆஸ் ஹெல்' என்பது அதன் பெயர். 1944 ஜனவரி 25ல், சீனாவிலிருந்து அசாமுக்கு வரும் வழியில் காணாமல் போனது. உள்ளே எட்டு பேர். 2016ல் அங்கு கிடைத்த எலும்புகள் டில்லியிலிருந்து அமெரிக்கா போயின. பரிசோதித்ததில், அவர்களில் ஒருவரான ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு அடையாளம் தெரிந்தார். 2017ல் ஜார்ஜியா மாநிலத்தில் அவரது சொந்த ஊரில் அடக்கம் செய்தனர். 73 வருடம் கழித்து ஒரு பிள்ளை வீடு திரும்பியிருக்கிறான். அவனைக் காத்திருந்த அம்மாவும் அப்பாவும்தான் அப்போது இல்லை.

'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ன ஆனது என்று கேட்கவில்லையே நீங்கள்! 1944ல் அது அமெரிக்கா திரும்பும் முன், படைப்பிரிவில் இருந்தவர்கள் அதன் உடம்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டனர். விமானிகள் மட்டுமல்ல, ராத்திரி முழுக்கக் குளிரில் நின்று இன்ஜின் மாற்றியவர்களும்தான். 1945ல் அந்த விமானத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஓவியம், கையெழுத்து எல்லாம் போச்சு. போட்டோக்களில் மட்டும் அவை இருக்கின்றன.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய ஆல்பம் இருக்கும். கல்யாண போட்டோ, தாத்தா வேலை பார்த்த மில்லில் எடுத்த குரூப் போட்டோ, அம்மாவின் ஆறாம் வகுப்பு போட்டோ. இந்த லீவில் அதை எடுத்துப் பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் தெரியும். மெல்லிய பென்சிலால், பின்பக்கம், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். ஊர், வருடம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ஓரத்தில் பாதி முகம் தெரிய நிற்பவரையும் விடாதீர்கள். பாட்டிக்கு அவர் பெயர் ஞாபகம் வராவிட்டால், பக்கத்து ஊர் சின்னத் தாத்தாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.