பொழுது போகாதது யாருக்கு?

'குழந்தைக்குப் பொழுது போகவில்லை' என்று அங்கலாய்க்கும் பெற்றோரை நான் நம்புவதே இல்லை. பொழுது போகாதவர்கள் பெரும்பாலும் அவர்களேதான்!

இதை நான் கண்டுகொண்ட இடம் விசித்திரமானது. அமெரிக்காவில் மின்னஸோட்டா மாநிலத்தில் மில் லாக்ஸ் என்றோர் ஏரி. பரப்பு 500 சதுர கிலோ மீட்டருக்கும் அதிகம். தை மாதத்தில் அது இறுகிப் பாறையாகிக் கிடக்கும். பனிக்கட்டியில் துரப்பணத்தால் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு, கவிழ்த்த வாளிமேல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை என்னையும் ஐந்து வயதுப் பேரனையும் அங்கே அழைத்துப் போனார். பையன் தொந்தரவு செய்யாமலிருக்க ஓர் உபாயமும் கைவசம் வைத்திருந்தார்: கைபேசியில் பொம்மைப் படம்.

பையன் பரம சாதுவாக உட்கார்ந்திருந்தான். அரை மணி கழித்துத் தற்செயலாக அவன் கையைப் பார்த்தேன். திக்கென்றது. படத்தைத் தள்ள வெறும் விரல் வேண்டுமல்லவா? கையுறையைக் கழற்றிப் போட்டிருந்தான். விரல்கள் வெளுத்து விறைத்திருந்தன. அவன் அழவில்லை, அவனுக்கே தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. நாங்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்!

என் கம்பளிச் சட்டைக்குள் அந்தக் கைகளைப் பொத்திக்கொண்டேன். மெல்ல நிறம் திரும்பியது.

பக்கத்துத் துளையிலிருந்த கிழவர் எழுந்து வந்தார். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. நம் ஜல்லிக் கரண்டி போன்ற ஒன்றைப் பையனிடம் கொடுத்து, துளையில் படியும் பனித் துகளை அள்ளிப் போடச் சொன்னார். மீன் கடித்தால் கொடி எழும்பும் பொறி ஒன்றுக்கும் அவனையே காவல் வைத்தார். அவ்வளவுதான். ஓடினான், அள்ளினான், உடம்பில் சூடு ஏறியது.

"மேலே இப்படி உறைஞ்சிருக்கே, கீழே மீன் செத்துப் போகாதா தாத்தா?" என்றான்.

4 டிகிரியில்தான் தண்ணீருக்குக் கனம் அதிகம். அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதந்து உறைகிறது, அடியில் மீன் பிழைத்துக் கிடக்கிறது என்றேன். எந்தப் பொம்மைப் படம் அவனை இதைக் கேட்க வைத்திருக்கும்?

'ஆபத்தான இடத்தில் குழந்தை ஒரே இடத்தில் இருப்பதுதானே நல்லது?' என்று கேட்பீர்கள். ஆபத்து உண்மைதான். நடப்பதற்கே 4 அங்குலத் தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்கிறது அந்த மாநில இயற்கைவளத் துறை. வெளுத்த பனிக்கட்டி அதில் பாதி பலம்கூடத் தாங்காமல் போகலாம். அளந்து பார்ப்பதும், மிதவைச் சட்டை மாட்டுவதும், குளிர்கிறது என்றால் உடனே வீடு திரும்புவதும் பெரியவர்கள் கடமை. கைபேசி அந்தக் கடமையைச் செய்யாது. நாம் அதை மறக்கத்தான் உதவும்.

குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறோம் என்று சொல்லி நாம் வாங்குவது அதன் மௌனத்தை. அன்று அந்த மௌனத்துக்கு விலையாகப் பத்து விரல்களைக் கொடுத்திருப்போம்.